பச்சை அசையாத வெல்லம்

எங்கள் ஊரில் நிறம் மாறுவது நல்ல செய்தி அல்ல. ஆரணிப் பட்டு வாங்கிப் போனவர் மறு மாதமே அந்தப் புடவையோடு கடை வாசலில் வந்து நின்றால், ஜாக்கெட்டில் சாயம் ஏறிவிட்டது என்றோ, மயில்கழுத்து வெளுத்துச் சாம்பலாகிவிட்டது என்றோதான் அர்த்தம். அந்தக் கடைக்காரன் நான். புடவையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, எந்த சோப்பு போட்டீர்கள் என்று கேட்டுப் பழியை அவர் வீட்டுக் குளியலறைக்கே திருப்பி அனுப்புவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி, நிறம் மாறுவதை மட்டுமே லட்சியமாகக் கொண்ட ஒரு பொருளைச் செய்வதில் தன் நாற்பதுகளைச் செலவழித்தாள். அது மாறவில்லை என்றால் அழுவாள். மாறினால் எனக்கு ஃபோன் செய்வாள். கடையில் ஆள் இருக்கும்போது, "மாறிடுச்சா? சூப்பர்" என்று நான் கத்தியதைக் கேட்டு ஒரு கல்யாண வீட்டார் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள்.

அவள் செய்யாறு சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். கூடவே பகுதிநேர ஆராய்ச்சி. நான் அவள் வீட்டில் இருக்கிறேன். அதாவது வீட்டோடு மாப்பிள்ளை. பின்கட்டில் அவள் அப்பா காலத்துச் சாயப் பட்டறை இருக்கிறது, இப்போது அவள் அண்ணன் நடத்துகிறார். என் தரப்பில் வரலாற்றில் ஒரு பி.ஏ. உண்டு. அதை வைத்துப் புடவைக் கடையில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்பதால், சும்மா இருக்கும் நேரத்தில் புத்தகம் படிக்கிறேன், பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன். என் கடையில் சும்மா இருக்கும் நேரத்துக்குப் பஞ்சமே கிடையாது.

அவள் செய்யும் பொருளுக்கு சோல்-ஜெல் என்று பெயர். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தண்ணீர் போலவே இருக்கும் ஒரு சிலிக்கா திரவம். அதில் ஆல்கஹாலும் தண்ணீரும் சொட்டு அமிலமும் சேர்த்துக் கலக்கி மூடி வைத்தால் முதலில் ஒன்றுமே ஆகாது. சில நாள் கழித்துப் பாத்திரத்தைச் சாய்த்தால் உள்ளே இருப்பது சாயாது. உறைந்திருக்கும். இன்னும் காயவிட்டால் கண்ணாடி. அடுப்பு இல்லை, உலை இல்லை, உட்கார்ந்த இடத்தில் கண்ணாடி. ஆனால் ஜன்னல் கண்ணாடி போலக் கெட்டியானதல்ல. கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் நிறைந்தது. உறைவதற்கு முன் ஒரு சாயத்தைக் கலந்துவிட்டால், அது பொத்தல்களுக்குள் மாட்டிக்கொள்ளும். வெளியே வர முடியாது. ஆனால் வெளியிலிருந்து பொடி ஆட்கள் உள்ளே போய் அதைப் பார்த்துவிட்டு வரலாம். ஜெயில் மாதிரி. பார்க்க வந்தவர் யார் என்பதைப் பொறுத்துக் கைதியின் முகம் மாறும். இப்படி நான் விளக்கியபோது, ஜெயில் என்று எழுதினால் தீசிஸைத் திருப்பி முகத்தில் எறிவார்கள் என்றாள். தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

கைதி, மாலகைட் பச்சை என்கிற சாயம். பார்க்க வரும் ஆள், ஹைட்ரோஸ்.

ஹைட்ரோஸை ஆரணியில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளைப் பொடி. சாயப் பட்டறை தவறாமல் ஒரு டின் இருக்கும். அரக்கு நிறத்துக்குப் போட்டது மாம்பழ நிறத்துக்குத் திரும்பிவிட்டால், பட்டு நூல் கழியை ஹைட்ரோஸ் தண்ணீரில் காய்ச்சி எடுத்தால் போதும், போட்ட சாயம் கழன்று பட்டு பழையபடி வெளுப்பாகிவிடும். நாங்கள் செய்த தப்புகளை எல்லாம் அழித்துத் தருகிற பொடி என்பதால் அதன்மேல் எங்களுக்கு ஒரு பாசமே உண்டு. அதே பொடியைத்தான் வெல்லம் காய்ச்சும்போது கொப்பரையில் ஒரு கை அள்ளிப் போடுகிறார்கள். கருப்பாக வரவேண்டிய வெல்லம் தங்கம் போல வரும். ஜனங்களுக்குத் தங்கம் பிடிக்கும். பட்டில் இருந்த பாசத்தை வெல்லத்திலும் காட்டலாமா என்பது என் மனைவியின் கேள்வி. அந்தப் பொடியின் மிச்சம் வெல்லத்தில் இருந்தால், சல்ஃபைட்டாக ஜெயிலுக்குள் போய்க் கைதியைத் தொடும், பச்சை வெளுத்துவிடும். கருவி வேண்டாம், கரண்டு வேண்டாம், கண் இருந்தால் போதும். இதுதான் அவள் கனவு.

கனவு முதல் இரண்டு மூன்று வருடம் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. காற்று பட்டு வேகமாகக் காய்ந்தால் ஜெல் கோடைக்கால ஏரி போல வெடித்துவிடும். காற்றாடாத இடமாகத் தேடி, மூடியில் ஊசியால் பொத்தல் போட்ட டிஃபன் டப்பாவில் வைத்து, பீரோவில் தன் முகூர்த்தப் புடவைக்கும் என் பட்டு வேட்டிக்கும் நடுவில் காயவிட்டாள். அந்தக் காலத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எங்கள் இருவரிடமும் சாராய நெடி அடித்தது. விசேஷ வீட்டார் என்னை மட்டும் முறைத்தார்கள்.

விரிசல் நின்றதும் அடுத்த பேஜார். காய்ந்த கண்ணாடியைச் சில்லாக வெட்டித் தண்ணீரில் போட்டால் பச்சை மெல்லக் கசிந்து வெளியே வந்தது. கைதி தப்பித்துவிட்டான். கல்லூரியில் அதை லீச்சிங் என்றார்களாம். வீட்டில் அவள் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுப் பொண்ணு போட்ட சாயம் போவுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் அவள் வெறி பிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். அமிலத்தைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்து, என்னென்னவோ சேர்த்து, கடைசியில் ஒருநாள் பச்சை சில்லை விட்டு நகரவில்லை. ஹைட்ரோஸ் கலந்த தண்ணீரில் வைத்தபோது ஓரத்திலிருந்து தொடங்கி வெளுத்தது. நான் பக்கத்தில் நின்றேன். முதலில் ராமர் பச்சை, பிறகு கிளிப்பச்சை, அப்புறம் வாழைக்குருத்து, கடைசியில் வெறும் கண்ணாடி. ஆயுள் முழுக்க நிறம் மாறினால் பழி போட ஆள் தேடியவன், அன்று மாறுகிறது மாறுகிறது என்று குதித்தேன். அந்த நிறப் பெயர்களையே வரிசையாக அளவுகோலாக வைத்துக்கொள் என்று யோசனையும் சொன்னேன். அறிவியலுக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான். இந்த வீட்டில் அதைத் தேவைக்கு மேலேயே ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு அவளைப் பரிசீலிக்கும் குழு சொன்னது: கலவைத் தண்ணீரில் வேலை செய்கிறது, சரி. வெல்லத்தில் காட்டுங்கள். கலப்பட வெல்லத்தில் வெளுக்க வேண்டும், அது பெரிசில்லை. சுத்தமான வெல்லத்தில் வெளுக்காமல் இருக்க வேண்டும். அதுதான் பெரிசு. பொங்கல் கழிந்ததும் எங்கள் முன்னால் செய்து காட்டுங்கள். ஏற்கெனவே வாங்கக்கூடிய கால நீட்டிப்பை எல்லாம் அவள் வாங்கி முடித்திருந்தாள். இதில் தவறினால் பதிவு ரத்து, அத்தனை வருடமும் பீரோவில் காய்ந்தது காய்ந்ததுதான்.

கலப்பட வெல்லத்துக்கு எங்கும் போக வேண்டாம், மண்டித் தெருவில் நடந்தால் போதும். சுத்தமான வெல்லத்துக்கு எங்களுக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். தேவிகாபுரத்தில் கரும்பும் வெல்லக் கொட்டாயும் வைத்திருக்கிற என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்பேன், என் மனைவி அண்ணா என்பாள். ஹைட்ரோஸ் தொடாதவர். அதனால் அவர் வெல்லம் கொட்டாங்குச்சி நிறத்தில் இருக்கும். அதனாலேயே மண்டியில் கடைசியாக விற்கும். இந்த அவமானத்தை அவர் பெருமையாக மாற்றிக்கொண்டு பல வருடமாகிறது. தங்கச்சி கண்டுபிடித்த கண்ணாடியில் தன் வெல்லத்தைச் சோதிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பொங்கல் சீரை நான் அல்லவா அக்கா வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அந்த வருடம் சீருக்கு முன்பே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், புதுத் துண்டில் வெல்ல உருண்டைகளைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

கல்லூரி பொங்கலுக்கு மூடிவிட்டதால் சோதனை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். லேபிலிருந்து பீக்கர்கள், சொட்டுக்குழாய், காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டில் எல்லாம் முந்தைய நாளே கொண்டுவந்திருந்தாள். பீக்கர்களைப் பின்கட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்த வீட்டிலேயே பளபளப்பான பொருள் அன்று அவைதான்; நான் உட்பட எதுவும் பக்கத்தில் நிற்க முடியாது.

காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழுந்தது. புடவை நிறம் பார்க்கவும் நாங்கள் அந்த வெளிச்சத்தைத்தான் நம்புவோம். கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் சில்லுகளை வைத்தாள். வெல்லத்தைப் பொடித்து, நிறுத்து, பீக்கரில் போட்டு, வெளிர் டீ நிறத்துக்குக் கரைத்து, சில்லை இடுக்கியால் முக்கி எடுத்தாள். மண்டித் தெரு வெல்லம் ஒவ்வொன்றிலும் பச்சை வெளுத்தது. மாமா ஒவ்வொன்றுக்கும் தொடையைத் தட்டினார். எந்தக் கடை, எந்த ஊர்க் கொப்பரை என்று வம்சாவளி சொன்னார். நான் வாழைக்குருத்து, வெறும் கண்ணாடி என்று நிறத்தை ஏலம் விட்டேன்.

பிறகு மாமாவின் வெல்லம்.

சில்லு வெளியே வந்தபோது கண்ணாடியாக இருந்தது.

மாமாதான் மறுபடி வைக்கச் சொன்னார். வேறு பீக்கர், வேறு உருண்டை, வேறு சில்லு. மறுபடியும் கண்ணாடி.

"இன்னாம்மா இது," என்றார் மாமா.

அவள் பரீட்சை ஹாலில் பேசுகிற குரலில் பேசினாள். அந்தக் குரல் அவளுக்குப் பயம் வரும்போது வரும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கொட்டாயில் வேறு யாராவது, அவருக்குத் தெரியாமல், நிறத்துக்காகக் கொஞ்சமாகப் போட்டிருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டாள்.

"என் கொப்பரய நானே கிண்டிகினு இருக்கேன்மா. வேற யாரு போடுவா? உன் நாத்தனாரா?" குரல் உயரவில்லை. "போட்டுருந்தா இந்தக் கலர்லயா வரும்? நீயே பாரு."

கொஞ்சமாகப் போட்டால் நிறம் பெரிதாக மாறாது என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம். மாமா உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் வைத்துக் கட்டினார். காபியைத் தொடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மச்சான், நீ சிரிப்பு எழுதுறவன். இத எழுதிடாத."

தேவிகாபுரம் பஸ் ஏறும் வரை கூடவே நடந்தேன். அவர் என்னிடம் பேசிக்கொண்டே வந்தார், கரும்பைப் பற்றி, மழையைப் பற்றி. அது இன்னும் மோசமாக இருந்தது. அக்கா அன்று ஃபோன் செய்யவில்லை. அக்கா ஃபோன் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய செய்தி என்பது அக்கா உள்ளவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பினால் அவள் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமா பொய் சொல்கிறார் என்று அவளும் நம்பவில்லை. அதுதான் பயம். அவர் உண்மை சொன்னால் சில்லு பொய் சொல்கிறது. வெல்லத்திலேயே இயற்கையாக இருக்கிற ஏதோ ஒரு சர்க்கரை பச்சையை வெளுக்கிறது. அப்படியானால் மண்டித் தெரு வெல்லம் வெளுத்ததற்கும் அர்த்தமில்லை. எல்லா வெல்லத்திலும் வெளுக்கிற சில்லு எதற்கு ஆகும்? சில்லு கெட்டுவிட்டதா என்று பார்க்க, பாட்டிலில் இருந்த தண்ணீரை மிச்சமிருந்த பச்சைச் சில்லு ஒன்றின்மேல் நேராகச் சொட்டிப் பார்த்தாள். பச்சை அப்படியே நின்றது. தண்ணீரில் நிற்கிறது, வெல்லத்தில் போகிறது. ஆகவே வெல்லம்தான். சில்லுப் பெட்டியை மூடினாள். குழுவுக்கு என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

என்னால் ஆறுதல் சொல்ல வராது. ஆறுதல் சொல்லவேண்டிய இடத்தில் கோமாளித்தனம் செய்வேன். சாவு வீட்டுக்கு என்னை அழைத்துப் போக அவளே யோசிப்பாள். மறுநாள் மதியம், அவளைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று, சில்லுகளை வெட்டும்போது உடைந்து விழுந்த ஓரத் துண்டுகளை எடுத்தேன். கவிழ்த்து வைத்ததில் மிச்சமிருந்த பீக்கர்களை வரிசையாக வைத்தேன். ஒன்றில் ரசத்தின் தெளிவு, ஒன்றில் மோர்த் தண்ணீர், ஒன்றில் குடிக்கிற கேன் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் துண்டு. எல்லாம் வெளுத்தன. பிறகு செய்தி வாசிப்பவர் குரலில், உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி அறிவித்தேன்: ஆரணி நகரில் பரபரப்பு, ரசத்தில் வெல்லக் கலப்படம், மோரும் தப்பவில்லை, கேன் தண்ணீரைக் காய்ச்சுபவர்கள் கொப்பரையில் ஹைட்ரோஸ் போடுவது அம்பலம்.

உள்ளேயிருந்து சலிப்பாகத்தான் குரல் வந்தது. "ஏங்க, சும்மா இருங்களேன்."

"பாத்துட்டு பேசு. தண்ணி கூட வெளுத்துடுச்சு."

கட்டில் கிரீச்சிட்டது. "தண்ணியா?"

"தண்ணிதான்."

அவள் வாசற்படியில் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. "எதுல ஊத்துனீங்க?"

நான் பீக்கரைக் காட்டினேன். அதைப் பிடுங்கிக் கொட்டினாள். இன்னும் தொடாத ஒன்றை எடுத்து, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, முகர்ந்தாள். என் மூக்கருகே நீட்டினாள். தீக்குச்சி அணைத்த மாதிரி ஒரு நெடி. எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டின் வாசனையே அதுதான். பின்கட்டிலிருந்து வந்து வந்து சுவரில் படிந்தது. அந்த வீட்டில் அதை முகர்ந்து கண்டுபிடிப்பது, மீன் மார்க்கெட்டில் மீன் வாசனையைக் கண்டுபிடிப்பது மாதிரி.

"இத யாரு கழுவுனது?" என்றாள். அவள் அண்ணன்மேல் பாயத் தயாராக இருந்தாள்.

"நீதான்."

"நான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு, தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

சாயப் பட்டறையில் ஒரு வழக்கம். அரக்குச் சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் அடுத்து சந்தன நிறம் போடவேண்டும் என்றால், வெறுமே தேய்த்துக் கழுவினால் போதாது. எங்காவது ஒட்டியிருக்கும் அரக்கு சந்தனத்தில் இறங்கிவிடும். அதனால் வெந்நீரில் ஒரு சிட்டிகை ஹைட்ரோஸ் போட்டுச் சுழற்றி, கொட்டி, ஒரு தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்ப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் பாவாடை கட்டிய நாளிலிருந்து செய்கிற வேலை. அவர்கள் அகராதியில் பாத்திரம் சுத்தம் என்றால் ஹைட்ரோஸ் காட்டியது என்று பொருள். கல்லூரியில் பீக்கர் கழுவ ஆள் இருக்கிறார். மாணவர்களுக்குச் சொல்லும்போது வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசச் சொல்வாள். ஆனால் பின்கட்டுத் தொட்டியருகே உட்கார்ந்ததும் படித்ததெல்லாம் ஒதுங்கிக்கொண்டது, கை தானாக டின்னுக்குப் போய்விட்டது. முக்கியமான சோதனை என்பதால் இன்னும் நன்றாகக் கழுவியிருக்கிறாள். இன்னும் நன்றாக என்றால் இன்னும் ஒரு சிட்டிகை. ஒரு தண்ணீர் அலசல் பட்டுக்குப் போதும். அவள் சில்லுக்குப் போதவில்லை.

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் ஜோக் அடித்து அவள் இவ்வளவு சிரித்ததில்லை. இதிலும் ஜோக் என்னுடையது இல்லை. கழுவிக் காய்ந்த பீக்கரில் ஒட்டியிருந்ததை அது பிடித்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சில்லு வேலை செய்யவில்லை என்று நாங்கள் துக்கம் கொண்டாடியபோது, அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஜல்தி ஜல்தி என்று வீடே ஓடியது. சமையலறை எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து, வெந்நீரில் அலசி, வடித்த தண்ணீரில் அலசி, முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதித்தாள். பச்சை நின்றது. மண்டித் தெரு வெல்லத்தில் மீதி இருந்தது, அதைக் கரைத்தாள். எல்லாம் வெளுத்தன, ஒன்று மட்டும் வாழைக்குருத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கடைக்காரரை நேற்று முழுப் பொய்யர் என்று தீர்த்திருந்தோம், அரைப் பொய்யராக இறக்கினோம். சர்க்கரைதான் வெளுக்கிறதோ என்ற பயம் மட்டும் பாக்கி. அதைத் தீர்க்க ஒரு சுத்தமான வெல்லம் வேண்டும். அது துண்டில் முடிந்து தேவிகாபுரம் போய்விட்டது.

மறுநாள் காலை பொங்கல் சீரைக் கட்டினேன். புடவை, வேட்டி, மஞ்சள் கொத்து, புதுப் பானை. ஸ்கூட்டரில் முன்னால் பானை, பின்னால் மனைவி, அவள் மடியில் சில்லுப் பெட்டியும் டம்ளர்களும் கொஞ்சம் மண்டித் தெரு வெல்லமும். சீரில் எது முக்கியம் என்பது பார்ப்பவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

மாமா கொட்டாயில் கொப்பரை அருகே இருந்தார். பாகு பொங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டுத் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. அக்கா சீரை வாங்கிக்கொண்டாள். என்னை வா என்றாள், அவளைப் பார்க்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னைத் தள்ளிவிட்டு நேராகக் கொப்பரைக்குப் போனாள்.

"அண்ணா, தப்பு என்னுது. பீக்கர நான் ஹைட்ரோஸ் போட்டுக் கழுவிட்டேன்."

மாமாவின் துடுப்பு நின்றது. "எதப் போட்டு?"

"ஹைட்ரோஸ்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டாயின் கூரையைப் பார்த்தார். "ஹைட்ரோஸ் கீதான்னு பாக்குற பாத்திரத்த," என்று மெதுவாக, சொல் சொல்லாக ருசித்துச் சொன்னார், "ஹைட்ரோஸ் போட்டுக் கழுவின."

"ஆமாண்ணா."

"சாயக்கார வூட்டுல பொண்ணு எடுக்காதடான்னு அன்னிக்கே சொன்னேன் இவன்கிட்ட."

அப்படி அவர் சொன்னதே இல்லை. கல்யாணத்தை முடித்துவைத்ததே அவர்தான். அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அங்கேயே, பாகின் ஆவிக்கு நடுவில், கரும்பு நறுக்கும் பலகைமேல் டம்ளரை வைத்தாள். வெறும் தண்ணீர் முதலில், அதற்குள் சில்லு. பச்சை நின்றது. பிறகு மாமா தன் கையால் உடைத்துக் கொடுத்த வெல்லம். சில்லை முக்கினாள். கரும்பு வெட்டுகிறவர்கள், பாகு ஊற்றுகிறவர்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். ஒன்றும் நடக்காததைப் பார்க்க அவ்வளவு கூட்டம் கூடி நான் கண்டதில்லை. சில்லை எடுத்து அலசிப் பத்திரிகைத் தாளில் வைத்தாள். ராமர் பச்சை. அதையே கடை வெல்லத் தண்ணீரில் போட்டாள், உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க. கண்முன்னே வெளுத்தது. மாமா கொப்பரைக்குத் திரும்பினார். பாகு அடிப்பிடித்திருந்தது. அதற்கும் எங்களைத்தான் திட்டினார், நன்றாக.

பொங்கல் கழிந்து கல்லூரியில் குழு கூடிய அன்று மாமாவும் வந்தார். வெல்லம் தருவது நான், நான் இல்லாமல் எப்படி என்றார். கருத்தரங்க அறைக்குள் எங்களை விடவில்லை. கதவில் மேலாக ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். எனக்கு எட்டியது. மாமா குள்ளம், எட்டவில்லை. வெல்லம் கட்டிய துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் தோளருகே நின்றார்.

உள்ளே அவள் பேசினாள், திரையில் படங்கள் ஓடின. ஒரு கட்டத்தில் அவள் வாய் 'வாழைக்குருத்து' என்று அசைந்ததாக எனக்குப் பட்டது. அவளே திடுக்கிட்டுத் திருத்திக்கொண்டாள். பிறகு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் எழுந்து மேஜைக்கு வந்தார். அவளை ஒதுங்கச் சொல்லிவிட்டு இடுக்கியைத் தானே வாங்கிக்கொண்டார். கருப்பு வெல்லம் கரைத்த டம்ளரில் சில்லை இறக்கினார்.

"உன்னுதுதான் மாமா. வெச்சிட்டாரு."

"மாறிச்சா?"

"மாறல."

பேராசிரியர் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அவளிடம் ஏதோ கேட்டார். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று கேட்டாராம். உங்களுக்குப் போதும்கிற வரை வைங்க சார் என்றாளாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"இப்போ?"

"மாறல மாமா."

"நல்லாப் பாரு. உன் கண்ணு கடையில பொய் சொல்லிச் சொல்லி கெட்டுருக்கும்."

"பச்சதான். ஒண்ணுமே ஆவல."

என் முழங்கையைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது. என் கல்யாணத்தன்று கூட நான் இவ்வளவு பதறவில்லை. அன்று எல்லாம் நடந்துகொண்டிருந்தது, இன்று எதுவும் நடக்கக்கூடாது. பேராசிரியர் சில்லை எடுத்து, நான் புடவையைப் பிடிப்பது போலவே, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்து டம்ளரில் போட்டார். மற்றவர்களும் எழுந்து வந்து சூழ்ந்தார்கள். தலைகளுக்கு நடுவே ஓர் இடுக்கில் எனக்குத் தெரிந்தது.

"மாமா, மாறுது."

"ஐயோ."

"இது கடை வெல்லம். அதுல மாத்திப் போட்டாரு."

மாமா மூச்சு விட்டார். "அப்ப மாறட்டும். அத மொதல்ல சொல்ல மாட்டியாடா?"

கதவு திறந்தபோது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மாமா கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அடுத்து தீசிஸ் எழுதிக் கொடுக்கவேண்டியதுதான் என்றாள். சொல்லிவிட்டு மாமாவின் துண்டைப் பார்த்தாள்.

"அண்ணா, வெல்லம் மிச்சம் இருக்கா? அந்த சார் வீட்டுக்கு வேணுமாம்."

மாமா முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"ஏம்மா கருப்பா கீதுன்னு கேக்கலயா?"

"கேக்கல."

"ஒரு வார்த்த கூட?"

"இல்லண்ணா."

அவர் முடிச்சை மறுபடி கட்டி, துண்டோடு அவள் கையில் கொடுத்தார்.